பழவேற்காட்டில் ஒரு பகற்பொழுது

உழைத்துக் களைத்த குடும்பத்துக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இராது. ஆனால் அந்த ஓய்வு நாளே உழைப்பு நாளைவிட அதிகக் களைப்பைத் தந்துவிடுவதை நம் இல்லங்களில் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! விடியுமுன் அடுப்படியில் நிற்கும் தாய், பேருந்துக்கு நேரமாயிற்று என்று இரையும் தந்தை, பசியால் சிணுங்கும் குழந்தை, கால் வலியை வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கும் முதியவர் ஆகிய அனைவரும் இரவு வெகு நேரங்கழித்து வீடு வந்து சேர்ந்து, ஒருவர்மேல் ஒருவர் மனத்தாங்கலோடு படுக்கைக்குச் செல்வார்கள். உல்லாசப் பயணம் என்று பெயர் சூட்டப்பெற்ற பல பயணங்களின் முடிவு இதுவே.

எங்கள் இல்லமும் இதற்கு விதிவிலக்கன்று. இரண்டு முறை இவ்வாறு சென்று பட்டறிந்த பின், இவ்வாண்டு தை மாதத்தில் வேறு விதமாக ஒரு நாளைக் கழித்துப் பார்த்தோம். அதில் கற்றுக்கொண்டவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். எங்களைப் போலவே விடுமுறை குறைவாகவும் செலவழிக்கப் பணம் அளவாகவும் உள்ள குடும்பங்களுக்கு இது பயன்படலாம்.

எங்கள் ஊர்

நாங்கள் காட்டுப்பள்ளிப் பகுதியின் தொழிற்சாலைகளை நம்பி வாழ்பவர்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் எண்ணூருக்கு வடக்கே, ஒரு புறம் வங்கக் கடலும் மறு புறம் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியுமாக, ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணல் திட்டில் அமைந்தது காட்டுப்பள்ளி. ஒரு காலத்தில் மீனவக் குப்பங்களும் சவுக்கும் மணலுமாக இருந்த கரை இது. இன்று துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் இங்கு உள்ளன. கடல்நீரைக் குடிநீராக்கி நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் தரும் ஆற்றலுடைய நிலையம் 2010 ஆம் ஆண்டு முதல் இங்கே இயங்கி வருகிறது. தெற்கே காமராசர் துறைமுகமும் வடசென்னை அனல்மின் நிலையமும் நிற்கின்றன. இரவிலும் விளக்குகள் அணைவதில்லை. சரக்குப் பெட்டிகளை ஏற்றிய லாரிகளின் ஓட்டமும் நிற்பதில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்யும் குடும்பங்களுக்குக் கடிகாரமே எசமானன். எங்கள் வீட்டில் ஒருவருக்கு இரவுப் பணி முடியும்போது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கும். அனைவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும், ஒரே வேளையில் ஒன்றாக அமர்ந்து உண்பது வாரத்துக்கு ஒரு முறை வாய்த்தால் பெரிது. ஆகவே எங்களுக்கு வேண்டியிருந்தது புதிய காட்சிகள் அல்ல. ஒன்றாக இருப்பதற்கு ஒரு நாள்.

பட்டியலும் ஆயாவின் கேள்வியும்

எட்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மூத்த மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் திட்டம் தீட்டினாள். பழவேற்காடு ஏரி, டச்சுக் கல்லறை, கோட்டை மேடு, மகிமை மாதா திருத்தலம், கலங்கரை விளக்கம், கடற்கரை, படகுச் சவாரி, அப்படியே ஆந்திர எல்லையைக் கடந்து சூலூர்ப்பேட்டை, நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயம், முடிந்தால் ஸ்ரீஹரிகோட்டா என்று பத்து இடங்கள்! ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரமும் குறித்திருந்தாள். ஓரிடத்தில் 25 நிமிடம். மற்றோரிடத்தில் 15 நிமிடம்.

எழுபத்திரண்டு வயதான ஆயா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "எல்லாம் சரிம்மா. இதுல உக்கார்றது எந்த எடத்துல?"

நாங்கள் அனைவரும் சிரித்துவிட்டோம். ஆனால் சிரித்து முடித்தபோது எங்களுக்கே உறைத்தது. பத்து இடங்களில் உட்காருவதற்கென்று ஓர் இடம்கூட இல்லை! சென்ற இரண்டு பயணங்களும் ஏன் சண்டையில் முடிந்தன என்பதும் அப்பொழுதே விளங்கிற்று.

அன்றிரவே பட்டியலைக் குறைத்தோம். ஆந்திர எல்லைக்கு அப்பாற்பட்டவை அனைத்தையும் முதலில் அடித்தோம். கோட்டை மேட்டையும் கலங்கரை விளக்கத்தையும் 'வழியில் தென்பட்டால் பார்ப்போம்' என்று ஒதுக்கினோம். எஞ்சியவை மூன்று: கல்லறை, திருத்தலம், ஏரிக்கரை. இரண்டு இடங்களுக்கு இடையே ஓர் ஓய்வு. ஆயா எவ்வளவு தூரம் நடப்பார்களோ அதுவே எங்கள் அனைவருக்கும் அளவு. நான்கு வயதுச் சின்னவள் எப்பொழுது உறங்குவாளோ அப்பொழுது நிழலில் இருப்பது. இருட்டுவதற்கு முன் வீடு.

நாளையும் யோசித்தே தேர்ந்தெடுத்தோம். ஞாயிறன்று சென்றால் மறுநாள் காலையில் பணியும் பள்ளியும் காத்திருக்கும். சனிக்கிழமை சென்றால், ஞாயிறு காலை நம் பங்கு ஆலயத் திருப்பலிக்குப் பின் வீட்டில் இளைப்பாறலாம். பயணத்தின் ஓய்வு மறுநாளும் தொடரவேண்டும் அல்லவா?

இன்னும் ஒரு முடிவு எஞ்சியிருந்தது. அதுதான் கடினமான முடிவு.

படகு

ஒன்பது வயது மகனுக்குப் பழவேற்காடு என்றாலே படகுதான். வகுப்பில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறான். பட்டியலிலிருந்து எதை வேண்டுமானாலும் அடியுங்கள், படகை மட்டும் அடிக்காதீர்கள் என்று மன்றாடினான்.

ஆயா அவனை மடியருகே அழைத்து உட்காரவைத்து, அவன் பிறப்பதற்கு முன் நடந்த ஒரு செய்தியைச் சொன்னார்கள். 2011 ஆம் ஆண்டு டிசம்பர் 25. கிறிஸ்து பிறப்புத் திருநாள். பண்டிகை விடுமுறையைக் கழிக்கப் பழவேற்காட்டுக்கு வந்தவர்கள் குழந்தை குட்டிகளோடு ஒரு படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 22 பேர் நீரில் மூழ்கி மாண்டார்கள். காலையில் புத்தாடை உடுத்திப் புறப்பட்டவர்களின் வீடுகளில் மாலையில் அழுகுரல். அந்நிகழ்ச்சிக்குப் பின் அங்கு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. எனினும் தடைக்குப் பிறகும் பயணிகளை ஏற்றிச் செல்வது முற்றும் ஒழிந்துவிடவில்லை என்பதைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர்.

இந்த ஏரியின் இயல்பைச் சிறிது அறிந்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது புலப்படும். பழவேற்காடு ஏரி இந்தியாவின் உப்புநீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி. இதன் பெரும் பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென் கோடி மட்டுமே தமிழ்நாட்டில். ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொணர்ந்து சேர்க்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. பெரும்பாலான இடங்களில் ஏரி ஆழமற்றது; இடுப்பளவு நீரில் நின்று மீன் பிடிப்போரைக் காணலாம். இதுவே பார்ப்பவரை ஏமாற்றுகிறது. முகத்துவாரத்தருகே நீரோட்டம் வேகமானது. ஓடைகளில் ஆழம் திடீரென்று மிகும். மீன்பிடிப் படகு இரண்டு மூன்று மீனவரையும் வலையையும் தாங்கக் கட்டப்பட்டது. நீந்தத் தெரியாத இருபது பேரை ஏற்றி, அவர்கள் படம் பிடிக்க ஒரே பக்கமாகச் சாய்வதைத் தாங்க அன்று.

ஆகவே, யார் அழைத்தாலும், எவ்வளவு குறைந்த தொகை கேட்டாலும், படகில் ஏறுவதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்தோம். மகன் முகம் வாடிற்று. பறவைகளைப் பார்க்க அண்டை வீட்டாரிடம் தொலைநோக்கி ஒன்று இரவல் வாங்கித் தருவதாகச் சொல்லிச் சமாதானப்படுத்தினோம்.

வழி

காட்டுப்பள்ளியிலிருந்து கடலோரமாகவே வடக்கு நோக்கிக் கருங்காலி வழியாகப் பழவேற்காட்டுக்கு ஒரு சாலை உண்டு. தூரம் குறைவு. ஆயினும் மணலும் பள்ளமும் உள்ள அந்த வழியை மூதாட்டியோடு செல்வோர் நம்பவேண்டாம் என்று அக்கம்பக்கத்தார் கூறினர். எனவே சுற்று வழியையே தேர்ந்தோம்: மீஞ்சூர் வரை சென்று, சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறி, அனுப்பம்பட்டைத் தாண்டிப் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வரும் அன்பர்களுக்கும் இதுவே எளிய வழி.

முந்திய இரவே புளியோதரையும், காலையில் தயிர்ச்சோறும் அவித்த முட்டையும் ஆயத்தம் செய்துகொண்டோம். குடிநீர், ஒரு சமுக்காளம், ஆயாவின் மாத்திரைகள், சின்னவளுக்கு மாற்றுடை, குடை. இவ்வளவே மூட்டை. அவரவர் சுமக்கக் கூடியதை மட்டும் எடுத்துச் செல்வது என்ற விதியைக் கடைப்பிடித்ததால் ஒருவர் கையும் வலிக்கவில்லை.

பொன்னேரியைத் தாண்டியதும் தொழிற்சாலைப் புகை மறந்தது. அறுவடையை எதிர்நோக்கிய வயல்கள், திருப்பாலைவனம் சிற்றூர், பிறகு மெல்ல மெல்ல உப்பு வாடை கலந்த காற்று. சன்னலோரம் அமர்ந்த ஆயா, "ஊர் வந்துடுச்சு" என்றார்கள், பேருந்து நிற்பதற்கு வெகு நேரம் முன்பே.

ஒரு காலத்தில் பெருந்துறைமுகம்

இன்று பழவேற்காடு ஒரு சிறிய ஊர். மீன் கடைகளும் வலை பின்னுவோரும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுமாகக் காலை வேளை கலகலப்பாக இருந்தது. இச்சிற்றூரின் பெயர் ஒரு காலத்தில் உலகெங்கும் வழங்கிற்று என்றால் முதலில் நம்புவது கடினம்.

விஜயநகர ஆட்சியில் இது பெயர் பெற்ற துறைமுகம். அரபு வணிகர் வழிவந்தோர் இங்கே குடியேறினர். அவர்கள் மரபினரின் பள்ளிவாசல்கள் இன்றும் உள்ளன. செம்பாறாங்கல்லில் இராமாயணக் காட்சிகளை நுண்ணியதாகச் செதுக்கிய ஆதிநாராயணப் பெருமாள் ஆலயமும் இவ்வூரில் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் வந்தனர். அவர்களுக்குப் பின் டச்சுக்காரர் வந்து, 1613 இல் கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் தங்கள் வணிகத்துக்கு இதனைத் தலைமையிடமாக்கினர். 1690 இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை இவ்வூரின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. இங்கிருந்து சென்ற வண்ணத் துணிகளுக்குக் கீழை நாடுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் விலையாயின. அதே கப்பல்களில் ஏழை மக்கள் அடிமைகளாகவும் ஏற்றிச் செல்லப்பட்டனர் என்பதையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொன்னோம்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைக்கு முதலில் சென்றோம். வெயில் ஏறுமுன் திறந்த வெளியைப் பார்த்துவிடுவது நலம். நுழைவாயிலின் இரு புறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. காலம் கரைவதைக் காட்டும் மணற்கடிகாரமும் உடன் இருக்கிறது. உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகள்: குலச் சின்னங்களும் நீண்ட எழுத்துக்களும் பொறித்த பெரும் பலகைக் கற்கள். கடல் கடந்து வந்து திரும்பிச் செல்லாதவர்கள். அவர்களுள் குழந்தைகளும் தாய்மாரும் உண்டு.

மகன் எலும்புக்கூட்டைக் கண்டு அஞ்சுவான் என்று எண்ணினோம். அவனோ, "எங்க பள்ளிக்கூடத்துல இருக்கறது மாதிரியே இருக்கு" என்றான்! ஆயா மட்டும் கல்லறை ஒன்றின் அருகே நின்று, யார் எவரென்று தெரியாத அந்த ஆன்மாக்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னார்கள். நாற்பது நிமிடங்கள் அங்கே கழிந்தன. நாங்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மாதாவின் நிழலில்

அங்கிருந்து மகிமை மாதா திருத்தலம். சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தின் மிகப் பழைமையான ஆலயங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது இது. போர்த்துக்கீசியர் காலத்தில் 1515 இல் தோன்றியது என்பது வழங்கி வரும் வரலாறு. கோட்டையும் கொத்தளமும் இன்று வெறும் மேடும் புதருமாகிவிட்டன. வணிகர் போயினர், தளபதிகள் போயினர். செபம் மட்டும் ஐந்து நூற்றாண்டுகளாக இவ்வூரில் தொடர்ந்து வருகிறது. வலையோடு கடலுக்குச் செல்வோரின் மனைவியர் ஏற்றிய மெழுகுவர்த்திகள் நாங்கள் சென்றபோதும் எரிந்துகொண்டிருந்தன.

செபித்து முடித்தபின், அங்கிருந்தவர்களிடம் அனுமதி கேட்டு மர நிழலில் சமுக்காளத்தை விரித்தோம். உணவுக்குப் பின் சின்னவள் ஆயாவின் மடியில் உறங்கிவிட்டாள். ஆயாவும் கண்ணயர்ந்தார்கள். இரவுப் பணியால் பல நாள் தூக்கம் இழந்திருந்தவரும் அப்படியே கையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். மூத்தவள் தன் நோட்டுப் புத்தகத்தில் எலும்புக்கூட்டைப் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒன்றரை மணி நேரம் எதுவும் செய்யாமல் இருந்தோம். வீட்டில் ஒருபோதும் கிட்டாத பேறு அது! எங்கள் பழைய திட்டப்படி, அந்த நேரத்தில் நாங்கள் சூலூர்ப்பேட்டைப் பேருந்தில் நின்றுகொண்டு சென்றிருப்போம்.

ஏரிக்கரைச் சோதனை

வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரைக்குச் சென்றோம். ஊரையும் எதிரே உள்ள கலங்கரை விளக்கக் குப்பத்தையும் இணைக்கும் பாலத்தருகே நின்று தொலைநோக்கியை மகன் கையில் கொடுத்தோம். வெகு தொலைவில், நீரும் வானும் சேரும் இடத்தில், இளஞ்சிவப்புக் கோடு கிழித்தாற்போல் பூநாரைக் கூட்டம். மழைக்காலம் முடிந்து பங்குனி வரையிலான மாதங்களே அவற்றைக் காண ஏற்றவை. அவை அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்று நீரை வடிகட்டி, பாசியையும் நுண்ணிய உயிர்களையும் உண்கின்றன. அவ்வுணவில் உள்ள நிறமியே இறகுக்குச் சிவப்பைத் தருகிறது. கூழைக்கடாக்களும் கொக்குகளும் அண்மையிலேயே இருந்தன. ஏரி பறவைகளின் சரணாலயம். அங்கே கூச்சலிடாமல் இருப்பதும் குப்பை போடாமல் இருப்பதும் விருந்தாளியின் கடமை.

அப்பொழுதுதான் படகுக்காரர் ஒருவர் வந்தார். "அம்மா, கால்மணி நேரந்தான். கிட்டப் போயி பறவையப் பாத்துட்டு வந்துடலாம். கொழந்த ஆசப்படுது பாருங்க" என்றார். கேட்ட தொகையும் குறைவு. ஏரி கண்ணாடி போல் அசைவற்றிருந்தது. மகன் எங்களை அண்ணாந்து பார்த்தான்.

உண்மையை மறைப்பானேன்? ஒரு கணம் எங்கள் உள்ளம் தளர்ந்தது. 'கால் மணி நேரந்தானே! தண்ணீர் இடுப்பளவுதானே! எத்தனையோ பேர் போய் வருகிறார்களே!' என்று மனம் வாதாடிற்று. படகில் ஒரு மிதவை அங்கிகூட இல்லை என்பதைக் கண்ணால் கண்ட பின்னும் அப்படி வாதாடிற்று. 2011 இல் படகேறியவர்களும் நம்மைவிட அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களும் இதே கரையில் நின்று, இதே அமைதியான நீரைக் கண்டு, இதே கால் மணி நேரத்தை எண்ணித்தானே ஏறியிருப்பார்கள்! வீட்டிலேயே முடிவு செய்திராவிட்டால் நாங்களும் ஏறியிருப்போம். கரையில் நின்று தீர்மானிப்பவனுக்கு ஆசையே ஆலோசகன்.

ஆயா முடித்து வைத்தார்கள். "வேண்டாம்ப்பா. உன் பிழைப்பக் கெடுக்கணும்னு இல்ல. இறால் இருந்தாக் குடு, வாங்கிக்கறோம்" என்றார்கள்.

அவர் சிரித்துவிட்டார். சற்று நேரத்தில் புதிதாகப் பிடித்த இறாலைக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுத்தார். பிறகு அவரே மகனைத் தம் அருகில் அமர்த்தி, ஏரியில் மீன் பிடிக்கும் முறையை விளக்கினார். 'பாடு' என்று பெயர். இறால் மிகும் இடங்கள் இன்னின்னவை என்று வகுத்து, இன்ன நாளில் இன்ன ஊரார், இன்ன குடும்பத்தார் அங்கே வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்வார்களாம். வலியவன் எப்பொழுதும் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. பரம்பரையாக வரும் இம்முறையில் எல்லா மக்களுக்கும் இடமில்லை என்ற குறையும் உண்டு. ஆயினும் ஒருவன் வயிற்றில் மற்றவன் அடிக்காமலிருக்க முன்னோர் கண்ட வழி அது. மகன் வாயைப் பிளந்து கேட்டான். படகு மறந்துவிட்டது.

எந்த ஊர் என்று அவர் கேட்டார். காட்டுப்பள்ளி என்றோம். சிறிது மௌனமாக இருந்தார். "அந்தத் தொறமுகம் இன்னும் பெருசாகுதுன்னா எங்க ஏரி என்னாகும்னுதான் எங்களுக்குக் கவலை" என்றார். விரிவாக்கத் திட்டம் பற்றி 2023 செப்டம்பரில் நடப்பதாக இருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது எங்களுக்கும் தெரியும். எங்கள் வீட்டு உலை கொதிப்பது அந்தத் தொழிற்சாலைகளால். அவர் வீட்டு உலை கொதிப்பது இந்த ஏரியால். எளிதில் விடை சொல்லிவிட எங்களால் இயலவில்லை. ஆனால் அண்டை ஊராராக இருந்தும் அவர் கவலையை அவர் வாயால் கேட்டது அன்றுதான் முதல் முறை. பத்து இடங்களைப் பார்க்க விரைந்திருந்தால் அதுவும் வாய்த்திராது.

வீடு திரும்புதல்

பேருந்து நிலையத்துக்குச் செல்லும் வழியில் பனையோலைப் பெட்டி ஒன்றை ஆயா வாங்கினார்கள். பழவேற்காட்டு இசுலாமியப் பெண்மணிகள் ஓலையால் முடையும் அழகிய பெட்டிகள் பெயர் பெற்றவை. கலங்கரை விளக்கத்தைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. கோட்டை மேட்டைப் பார்க்கவே இல்லை. அதற்காக ஒருவரும் வருந்தவில்லை.

விளக்கேற்றும் நேரத்துக்கு வீட்டில் இருந்தோம். இறால் குழம்பு கொதிக்கும்போது, வழக்கத்துக்கு மாறாக அறுவரும் சமையலறையிலேயே கூடியிருந்தோம். இரவுச் செபமாலை முடிந்ததும், அன்று கரையேறிய எங்களுக்காக நன்றியும், 2011 இல் கரையேறாத அந்த 22 பேருக்காக ஒரு மங்கள வார்த்தை மந்திரமும் சேர்த்துச் சொல்லும்படி மகனே கேட்டான்.

இவ்வாறு ஒரு நாளைக் கழிக்க விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள்: வீட்டில் மெதுவாக நடப்பவர் யாரோ அவரை அளவுகோலாகக் கொள்ளுங்கள். பார்க்கும் இடங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். உட்காரும் இடத்தை முதலில் குறித்துக்கொண்டு, பார்க்கும் இடத்தைப் பின்னர் குறியுங்கள். கழிப்பறை எங்கே என்பதையும், திரும்பும் பேருந்து எப்பொழுது என்பதையும் ஊரில் இறங்கியவுடன் கேட்டறியுங்கள். மீனோ இறாலோ வாங்குவதாயின் கடைசியாக வாங்குங்கள். இவை அனைத்திற்கும் மேலாக, நீரும் உயரமும் வேகமும் பற்றிய முடிவுகளைப் பிள்ளைகளின் முன்னிலையில், காரணத்தைச் சொல்லி, வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

மூத்தவளின் நோட்டுப் புத்தகத்தில் பழைய பட்டியல் இன்னும் இருக்கிறது. அதன்கீழ் அவள் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: 'மீதி ஆறும் அடுத்த ஆண்டுகளுக்கு. ஆண்டுக்கு ஒன்று போதும்.' படகு அந்த ஆறில் இல்லை. அதை அடித்தவன் மகன்.